அக்காவைக் கும்பிட்டவர்கள்

உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல் தண்ணீர் கேட்டது. அப்பா ஏலக்காய் வாங்க மலைக்குப் போயிருந்தார். போடி வீட்டில் நானும் அம்மாவும் அக்கா பேச்சியும் மட்டுமே இருந்தோம். அக்காவின் குரல் அப்படி மாறிவிட்டதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் அவள் அப்பாவையும் தாண்டி வளர்ந்திருந்தாள். வளையல் எதுவும் கையில் ஏறவில்லை. தாடை முன்தள்ளி, பற்களுக்கிடையே சந்து விழுந்திருந்தது. தோழிகளெல்லாம் கல்யாணமாகிப் போன பிறகும் அவள் "ஆளாக"வில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்து வழியும். இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொள்வாள்.

தேவாரத்திலிருந்து வந்த அப்பாவின் சித்தி அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். "இவ பெரியத்தைக்கும் இதே கைதான். வீட்டவிட்டு வெளிய விடாமலே வச்சிருந்தாக. அப்படியே போய்ச் சேந்தா."

அப்பாவுக்கு ஓர் அக்காள் இருந்ததே அம்மாவுக்குத் தெரியாது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் அக்காவைக் கண்ட ஒருத்தி, மறுநாள் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாகச் சொன்னாள். அதிலிருந்து விடிந்ததும் எங்கள் வாசலில் அகல்விளக்குகள் எரிந்தன. அக்கா குனிந்து வெளியே வந்து, "நான் சாமி இல்ல. எனக்குத் தலை வலிக்குது, அம்புட்டுதான்" என்றாள். அதையும் வாக்கென்று எடுத்துக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

பிறகு அவள் பார்வை சுருங்கியது. பக்கவாட்டில் நின்றால் தெரியாது. எதிரே போய் நின்றால்தான் "நீயாடி" என்பாள். ஒருநாள் அப்பாவிடம், "நான் மலைக்குப் போறேன்ப்பா. அங்க யாரும் கும்பிட மாட்டாக" என்றாள். குரங்கணிக்கு மேலே, தெரிந்தவரின் ஏலத்தோட்டத்தில் அப்பா ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். அங்கே அவள் காய் ஆய்ந்துகொண்டும், வலி விட்ட நேரங்களில் பாடிக்கொண்டும் இருந்தாள். அடுத்த மழைக்காலத்தில் நினைவு தப்பிக் கிடந்து இறந்தாள். அந்தச் சரிவிலேயே புதைத்தோம்.

மூளைக்கடியில் கடலையளவு சுரப்பியொன்று கட்டியாக வீங்கினால் உடம்பு இப்படி வளருமென்றும், சில குடும்பங்களில் அது பரம்பரையாக இறங்குமென்றும் வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். என் பிள்ளைகள் வளர்ந்து நிற்கும்வரை அவர்கள் கைகளை எத்தனை முறை பிடித்துப் பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் ஜீப்பில் அந்தச் சரிவுக்குப் போனேன். குடிசையும் தோட்டமும் இல்லை. அக்காவைப் புதைத்த இடத்தில் மஞ்சள் பூசிய நெடுங்கல் ஒன்று நிற்கிறது, "நெட்டையம்மா" என்கிறார்கள். அம்மனின் சொந்தப் பேர் என்ன என்று பூசாரியிடம் கேட்டேன்.

"சாமிக்கு ஏது ஆத்தா சொந்தப் பேரு? செத்த தள்ளி நில்லுங்க."

"பேச்சி" என்றேன். அவர் மணியடிக்கத் தொடங்கியிருந்தார்.