முப்பத்தொரு கட்டங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் நெஞ்சு அவ்வப்போது ஒரு துடிப்பை விழுங்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். போக வர சைக்கிள். காவிரிப் பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே மிதிப்பேன். போகும்போது ஓர் எண்ணும் வரும்போது வேறோர் எண்ணும் வந்தால் அன்று சோறு இறங்காது.

ஒரு நாள் காலை பதினொன்றாவது கம்பத்தருகே நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கதவில் மோதியதுபோல ஓர் இடி. இறங்கி நின்று மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிஷத்தில் எழுபத்தெட்டு. நடுவே இரண்டு இடத்தில் நாடி காணவில்லை.

அடுத்த இருபது நாளில் பதினேழு முறை வந்தது. வலி இல்லை, மயக்கம் இல்லை. மனைவியிடம் சொல்லாமல், டவுனில் கார்டியோகிராம் மெஷின் வைத்திருந்த ஒரு டாக்டரிடம் போனேன். மின்விசிறியை நிறுத்தினார்கள். கைகால்களில் களிம்பு தடவிப் பட்டை கட்டினார்கள். பயத்தில் என் முழங்கால் ஆடியது. ஓடி வந்த காகிதத்தை வெட்டி, கம்பவுண்டர் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தார்.

"ஒரு இடம் தெளிவா இல்லீங்க, கோடு ஆடியிருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் கழிச்சு இதையும் எடுத்துக்கிட்டு வாங்க, இன்னொண்ணு எடுத்துப் பார்ப்போம்."

"ஏதாவது இருக்கா டாக்டர்?"

"இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. அதுவரைக்கும் கனம் எதுவும் தூக்காதீங்க."

காகிதத்தில் இருபத்தைந்து சின்னக் கட்டம் ஒரு விநாடி என்று நான் கேட்டதற்குச் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டில் தனியாக இருந்தபோது அட்டையை ஜன்னலோரம் வைத்து, குண்டூசி முனையால் கட்டங்களை எண்ணினேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது. இருபது. இருபத்தொன்று. இருபது. மூன்றாவது வரிசையில் ஓரிடத்தில் முப்பத்தொன்று. ஆறு முறை எண்ணினேன். ஆறு முறையும் முப்பத்தொன்று.

டாக்டர் பார்க்கத் தவறியதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினேன். திரும்பப் போனால் அவரும் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். போகவில்லை. அட்டையைத் துணிப்பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே செருகினேன். கனம் தூக்காதே என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. முப்பது பவுண்டு.

அந்த வருஷம் தேர் வந்தபோது மனைவி கூட்டத்தில் என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, புள்ளைய தூக்குங்களேன். பாவம், முன்னால நிக்கிறவங்க வேட்டியத்தான் பாக்குது."

"முதுகு பிடிச்சிருக்கு."

"சைக்கிள் மிதிக்கிறப்ப மட்டும் விட்டுருமாக்கும்?"

பக்கத்துப் போர்ஷன்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், "சாரு பைலத் தவிர எதையும் தூக்க மாட்டாரு போல" என்று சிரித்துக்கொண்டே குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தேர் போய் முடியும்வரை என் மகள் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தூக்கச் சொல்லி அவள் என்னிடம் கை நீட்டியதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். முதல் மாதம் நாற்பதுக்கு மேல். ஆறாவது மாதம் மூன்று. பிறகு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, பெட்டியைத் துடைக்கும்போது மனைவி அட்டையை எடுத்து வந்தாள். "என்னங்க இது, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி?"

சொன்னேன். முப்பத்தொன்று வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணாப் பொறந்துட்டாளேன்னுதான் நீங்க தொட மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் அவளே என்னை பஸ்ஸில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் ஊசி முனையால் காட்டிய இடத்தை டாக்டர் நகத்தால் நெருடினார். காகித விளிம்பு மேலே எழுந்தது.

"இது ரெண்டு துண்டுங்க. நீளம் பத்தாம சேர்த்து ஒட்டியிருக்காங்க. கட்டம் இங்க ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல, பாருங்க. நீங்க எண்ணினது உங்க நெஞ்ச இல்ல, எங்க கம்பவுண்டர் தடவின பசைய."

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. பணிமனையில் ஒரு போல்ட் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, பொருந்தாத இரண்டு கட்டங்கள் கண்ணில் படவில்லை.

புதிதாக எடுத்ததில் கோடு ஆடவில்லை. கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"அப்ப பாலத்துல வர்றது?"

"அது வர்றப்ப மெஷின் பக்கத்துல இல்லையே. காகிதம் பாத்தது கொஞ்ச நேரந்தான், மிச்ச நேரத்துக்கு அது சாட்சி சொல்லாது. மயக்கம் வந்தா உடனே வாங்க. மத்தபடி புள்ளைய தூக்குங்க."

வீட்டு வாசலில் மகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கை நீட்டினேன். அவள் ஒரு கட்டம் பின்னால் போனாள்.

"வேணாம்ப்பா. முதுகு வலிக்கும்."

விடாமல் தூக்கினேன். கால்களைத் தொங்கவிட்டு, என் கழுத்தைப் பிடிக்காமல், பிறத்தியார் வீட்டுக் குழந்தைபோல விறைப்பாக இருந்தாள். என் நெஞ்சை எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வரை ஒழுங்காக வந்தது. பதினைந்தாவது வரவில்லை, தாமதித்து, இடித்துக்கொண்டு வந்தது. அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எறக்கி விடுங்கப்பா" என்றாள்.

இறக்கி விட்டேன்.