மெல்லிய தாளில் படிந்த நகரம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் படங்களுக்குப் பிரேம் போடும் ஒரு கடையில் வேலை செய்தேன். நல்ல படம் வந்தால் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். "பாக்கிறதுக்கோ சம்பளம்?" என்பார் கடைக்காரர் குமார் அண்ணை.

ஒரு பனிக்காலத்தில் ரெக்ஸ்டேலில் இருந்து ராணி அன்ரி வந்தார். ஊரில் சித்திர ரீச்சராக இருந்தவர். சேர்ச் விற்பனை ஒன்றில் வாங்கிய பழைய மட்டை உறையை மேசையில் பிரித்தார். உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டு எச்சிங் படங்கள் நான்கு. செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்தவை. கையால் வரைந்த ஓவியம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அந்தக் காலத்தில் படங்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

நான்கிலும் ஒரே துறைமுக நகரம். பாய்மரங்கள், மூடுபனி, இடப்பக்கம் ஒரு கோபுரம். பார்க்கப் பார்க்க நானே அந்தக் கரையில் நடப்பது போல இருந்தது. வெளியே பனி கொட்டியதும் தெரியவில்லை.

"தனித்தனியா பிரேம் போடும் பிள்ளை. லண்டன், பாரிஸ், சிட்னி, இங்க பிக்கரிங். பிள்ளையளுக்கு ஒண்டொண்டு."

"உங்களுக்கு, அன்ரி?"

"எனக்கெங்க? ஆசைப்பட்டுக் கேக்குதுகள். ஏலாதெண்டு சொல்ல வாய் வருகுதில்லை. பின்னேரத்தில கட்டில்ல பரப்பி வைச்சுப் பாப்பன். இனி அது இல்லை."

முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

படத்துக்கு ஒன்றாக, மை ஒட்டாதிருக்க, மேலே நான்கு மெல்லிய தாள்கள் இருந்தன. பழுத்த தாள் படத்தையும் பழுதாக்கும் என்பதால் எறிந்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். அள்ளிக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் போனேன்.

"பொறும் பிள்ளை!"

அன்ரி ஒரு தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மையின் எண்ணெய் இத்தனை காலம் ஊறி, முழு நகரமும் அதில் மங்கலாகப் படிந்திருந்தது. ஆனால் கோபுரம் வலப்பக்கம் நின்றது.

"தகட்டில கீறினது அச்சில இடம் வலம் மாறித்தான் விழும்," என்றார் மெதுவாக. "இதில அது திரும்பவும் மாறியிருக்கு. படம் கீறின மனுசன் கரையில இருந்து பாத்து அப்பிடியே தகட்டில கீறியிருந்தா, அவர் கண்ட ஊர் படத்தில இருக்கிற உதில்லை. இதுதான்."

பிள்ளைகளின் படங்களோடு, அன்ரிக்கென்று அந்த நான்கு தாள்களுக்கும் பிரேம் போட்டோம். குமார் அண்ணைகூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எதையும் எறியாதீர்கள் என்பதுதான். அன்ரி போகும்போது எனக்குச் சொன்னது வேறு.

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதையும். இதையும் கேப்பினம்."