தொட்டி மூடி

அக்காவுக்கு அந்தப் பட்டறையில் ஒரே வேலைதான். உலைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியை நேரத்துக்கு இழுத்துத் திறக்க வேண்டும். உலைக்கதவைத் திறந்து, சுட்ட கம்பிகளைக் கொக்கியில் தூக்கித் தொட்டியில் இறக்குவது மாமா, அவள் புருஷன்.

கேட்க அற்பமாக இருக்கும். டைட்டானியக் கலவைக் கம்பிகளை ஆரஞ்சு நிறம் வரச் சுடும்போது அவற்றின் உள்ளமைப்பே மாறுகிறது. மாறியதை அப்படியே தண்ணீரில் பிடித்து நிறுத்த வேண்டும். காற்றில் கொஞ்சம் ஆறவிட்டால் போச்சு. பிறகு குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்தாலும் வலு ஏறாது. மூடியோ வலது மூலையில் சிக்கும். அக்கா குதிகாலால் ஓர் இடி இடித்துவிட்டு இழுப்பாள்.

"வீட்டுல நான் தப்பிச்சேன், உதையெல்லாம் இந்த மூடிக்குத்தான்" என்று மாமா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அன்று அவள் மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உலைக்கதவும் திறந்தது. அந்த நேரம் பார்த்து மாமாவுக்குச் சிநேகிதனிடமிருந்து போன். வெளியே எடுத்த கம்பிகளை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கம்பி நிறம் மங்குது!"

"இருடி, கத்தாத."

பரிசோதனையில் கம்பிகள் தாங்க வேண்டிய பாரத்துக்கு முன்பே வளைந்துவிட்டன. முதலாளி இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் போயாக வேண்டும் என்றார்.

"இவதாங்க மூடிய லேட்டா திறந்தா. இவளுக்கு அது சரியா வரல" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவர் நிமிரவே இல்லையாம். உலைக்காரரான அவர் வேலை போனால் வீடே உட்கார்ந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் வீட்டிலேயே இருந்த என்னிடம்கூட இதைப் பிறகுதான் சொன்னாள்.

அந்தக் கம்பிகளை யாரும் தூக்கி எறியவில்லை. மறுபடி சுட்டு, உடனே நனைத்து, சூட்டில் கெட்ட மேல்தோலைச் சீவி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் தேறிவிட்டன என்று மாமாதான் சந்தோஷமாக வந்து சொன்னார்.

"அப்ப முதலாளி என்னைத் திரும்ப வரச் சொன்னாரா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நிம்மதியா வீட்டுல இரு."

சில நாள் கழித்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "புது ஆளு மூடியோட மல்லுக்கட்டுறான். என் கைக்கும் வரல. நீ எப்படித்தான் திறப்ப?"

அக்கா அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் அது சரியா வராதே" என்றாள்.

சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். "ஏய், உன்னத்தான்" என்று மாமா கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.