செம்மண்ணில் ஓர் உப்பளம்

கன்னட எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு மஞ்சுளாக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "திண்டி ஆய்த்தா?" என்று கேட்பார். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அளவில்லாமல் சாப்பிடுகிறவர்களைத்தான் தின்னி என்போம். எதைப் பார்த்து இப்படிக் கேட்கிறார் என்று சுருக்கென்றிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு உள்ளே போய்விடுவேன். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கன்னடத்தில் அன்பாக விசாரிக்கிறார் என்பது, கம்பெனியில் கன்னடக்காரர்களோடு வேலை பார்க்கும் என் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு அவர் கேட்டால் சிரித்து மட்டும் வைப்பேன்.

நான்கு வயது மகள் கனிக்கு அந்தச் சிரிப்பும் வரவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், அங்கன்வாடியில் வாயே திறப்பதில்லை. அங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, மற்றவர்களில் பலருக்குக் கன்னடம். "பாப்பாவுக்குப் பேச்சு வராதா?" என்று இன்னொரு பிள்ளையின் அம்மா என்னிடமே கேட்டாள். சரி, எழுதவாவது பழகினாளா என்றால் சிலேட்டில் ஒரு கோடுகூட இல்லை. கோடை லீவோடு அவளை ஊரில் என் தங்கையிடம் விட்டுவிடுவது என்று அழுதுகொண்டே முடிவு செய்தோம். அதைச் சொல்லத்தான் ஒருநாள் அங்கன்வாடிக்கு ரத்னம்மா டீச்சரைப் பார்க்கப் போனேன்.

"ஒரு எழுத்துகூடப் படிக்கலயே டீச்சர். மண்ணுல வெளயாடவா அனுப்புதோம்?" என்றேன். எனக்கே என் குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "கொஞ்ச நேரம் இப்படிக் குந்துங்கம்மா. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

முற்றத்தில் செம்மண் கொட்டியிருந்தது. கொட்டாங்குச்சி, பாட்டில் மூடி, உடைந்த மரத்துண்டு என்று கைக்கு எட்டுமிடத்தில் எல்லாம் கிடந்தன. செங்கற்களை வரிசையாக வைத்துச் சில பிள்ளைகள் கம்பெனி பஸ் ஓட்டினார்கள். கனி மட்டும் தனியாக, மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, ஒரு மரத்துண்டால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பலகையை அப்படித்தான் இழுப்போம். ஊரில் நான் பாத்தியில் நிற்கும்போது, வரப்பில் சேலையைக் கட்டிய நிழலில் இவளை உட்கார வைத்திருப்பேன். வெள்ளை வெயிலில் கண் எரியும், பாத வெடிப்பில் உப்புநீர் ஏறும். இவள் கையில் அந்தப் பலகை வந்துவிடக்கூடாது என்றுதான் ஊரைவிட்டே கிளம்பினோம். பிடுங்கி எறிந்துவிட எழுந்தேன்.

அதற்குள் லாவண்யா என்ற தெலுங்குக் குழந்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதி ஏமி?" என்றாள்.

கனி நிமிர்ந்தாள். "உப்பு."

"உப்பா!" லாவண்யா மற்றவர்களைப் பார்த்து, "உப்பு, உப்பு!" என்று கத்தினாள். கன்னடப் பிள்ளைகளும் "உப்பு" என்றபடியே கொட்டாங்குச்சியோடு ஓடிவந்தார்கள். மூன்று மொழியிலும் அதற்கு ஒரே பெயர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து அள்ள, கனி எழுந்து இடுப்பில் கைவைத்து, "ஏட்டி, மெள்ள வாரு! பாத்தி ஒடஞ்சிரும்!" என்று அதட்டினாள். யாருக்கு என்ன புரிந்ததோ, அத்தனை பேரும் மெதுவாக வாரினார்கள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசற மாதிரி ஒரு வேலை கெடைக்கட்டும்னுதான் வுட்டு வெச்சேன். எழுத்து எங்கம்மா போவுது, தானா வரும்." பிறகு நினைவு வந்தவராக, "ஆமா, நீங்க இன்னாவோ சொல்ல வந்தீங்களே?" என்றார்.

"சும்மா, புள்ளயப் பாத்துட்டுப் போவலாம்னு," என்றேன்.

லீவு முடிந்தும் கனி இங்கேதான் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை உப்பளத்திலிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள். கனி போனைப் பிடுங்கி, "சித்தி, எங்க ஊரு உப்பு செவப்பா இருக்கும், தெரியுமா?" என்றாள்.

"எதுட்டி ஒன் ஊரு?" என்று தங்கை சிரித்தாள்.

கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் செம்மண் அப்பிய அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, தங்கைக்குப் பின்னால் வெயிலில் கூசும் அந்த வெள்ளைக் குவியலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.