மட்கார்டுக்குள் நீண்ட போல்ட்டு

1. திரும்பி வந்த வண்டி

காலையில் மாலை போட்டுக்கொண்டு எங்கள் ஷெட்டிலிருந்து கிளம்பிய மோட்டார் சைக்கிள், மத்தியானம் மாட்டு வண்டியில் திரும்பி வந்தது. வைக்கோலின் மேல் படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மாலை அப்படியே இருந்தது.

வண்டிக்காரர் இறங்கினார். "பின் டயரு வெடிச்சிப் பூட்ச்சி. திருமுக்கூடல் போற வழியில, மதகாண்ட. அந்தம்மாவுக்குத்தான் கால்ல நல்ல அடி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க" என்றார்.

"ஐயாவுக்கு?"

"அவருக்குச் சிராய்ப்புதான். ரோட்டுல குந்திக்கினு தலையில அடிச்சிக்கிறாரு."

அந்த வண்டிக்கு எட்டு நாள் வேலை செய்தவன் நான்.

2. எட்டு நாள் வேலை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மெட்ராஸில் ஒரு மோட்டார் ஷெட்டில் வெல்டிங் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கோவிந்தன் மேஸ்திரியின் ஷெட்டில் சேர்ந்தேன். ஆயில் இன்ஜின், பம்ப்செட், லாரி, எது வந்தாலும் பார்ப்போம். மோட்டார் சைக்கிள் எப்போதாவது வரும். தாலுகாவிலேயே நாலைந்துதான் இருந்தன.

அதில் ஒன்று வேணுகோபாலுடையது. முந்நூற்றைம்பது சிசி. நாற்பது காணி நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. எங்கள் காலனி ஆட்கள் அந்த வீட்டு நிலத்தில்தான் நடவுக்கும் அறுப்புக்கும் போவார்கள். அவரை நாங்கள் நைனா என்போம். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. எனக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி பெயர் ஜெயலட்சுமி. இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளிலேயே கன்னியாகுமரி வரை போய் வருவதாக முடிவு செய்திருந்தார்கள். அவருடைய அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "ரயிலு இன்னாத்துக்கு வுட்டுக்கினு கீறான்?" என்று ஷெட் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். வேணு சிரித்துக்கொண்டார். அப்பாவிடம் ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. என்னிடம் சொல்லவில்லை. பார்த்தாலே தெரியும்.

முன்னால் லெக் கார்டு. பின்னால் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி. புடவை கட்டினவர் ஒருக்களித்து உட்கார்ந்தால் கால் வைக்க இடது பக்கம் ஒரு பலகை. பெட்ரோல் டப்பா மாட்ட ஒரு கிளிப். பெரிய ஹாரன். எல்லாம் நானே செய்தேன். பெட்டிகளைத் தாங்க இரும்புப் பட்டையை வளைத்து, பின் மட்கார்டுக்கு மேலே குறுக்கே போட்டு, நடுவில் ஒரு போல்ட்டு போட்டு இறுக்கினேன்.

வேணு வந்து பார்த்தார். "நட்டு வெளிய தெரியுதே. அசிங்கமா கீது. உள்ள தள்ளிடு" என்றார்.

போல்ட்டைத் திருப்பிப் போட்டேன். உருண்டைத் தலை வெளியே பளபளவென்று இருந்தது. நட்டு உள்ளே போனது. நட்டைத் தாண்டி போல்ட்டின் திருகு மரை அரை அங்குலத்துக்கு மேல் டயர் பக்கம் நீண்டிருந்தது. அதை அறுக்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். விரல் வைத்துப் பார்த்தேன். போல்ட்டு நுனிக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. போதும் என்று விட்டேன்.

வண்டி அப்போது ஸ்டாண்டில் நின்றது. ஸ்டாண்டில் நின்றால் பின் சக்கரம் தொங்கும். ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், மட்கார்டு கீழே இறங்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

3. ஏறச் சொன்னார்

எங்கள் ஷெட்டில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் மேஸ்திரி பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போய் வருவார். வந்து இறங்கிக் குனிந்து எல்லா இடத்தையும் பார்ப்பார். பிறகுதான் வண்டியைக் கொடுப்போம்.

அன்று மேஸ்திரி ராஜகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேணுவுக்கு மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

"ஏறு தேவா. நீ ஓட்டு, நான் பின்னால குந்துறேன். ஒரு ரவுண்டு போயி வரலாம்" என்றார்.

"வாணாம் நைனா. எல்லாம் பாத்துட்டேன்."

"கையால பாத்தா ஆச்சா? ஏறுடா."

"நீங்க மட்டும் போயி வாங்க."

"சீட்டுல இன்னா முள்ளா கீது?"

நான் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் தனியாக ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். பெட்டி இரண்டும் காலி. ஒற்றை ஆள் பாரம். ஒன்றும் இடிக்கவில்லை.

நான் ஏறாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் காலனி ஆட்கள், நிலக்காரர்கள் குடியிருக்கும் பெரிய தெருவின் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போவோம். ஏறி உட்கார மாட்டோம். சைக்கிளானாலும் அந்தத் தெரு வந்ததும் இறங்கிவிடுவோம். அதற்கு மூன்று வருஷம் முன்னால் என் அப்பா இறங்க மறந்துவிட்டார். ஜுர மாத்திரை வாங்கிக்கொண்டு அவசரமாக வந்தவர். நிறுத்தி, சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கச் சொன்னார்கள். சொன்னது வேணுவின் அப்பா. என் அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை.

வேணு அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கூப்பிட்டது மனதாரத்தான். எனக்கும் ஏறி ஓட்ட ஆசை இருந்தது. கால் எழவில்லை.

4. மரையில் ரப்பர்

மாட்டு வண்டியிலிருந்து இறக்கியதும் முதலில் டயரைப் பார்த்தேன். டயரின் நடுவில் சுற்றிலும் கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளம். உளியால் கீறினது போல. மட்கார்டுக்குள் கை விட்டேன். போல்ட்டு நுனி தேய்ந்து வெள்ளையாக மின்னியது. மரைக்குள் கறுப்பாக ரப்பர் அடைத்திருந்தது.

இரண்டு ஆள், இரண்டு பெட்டி நிறையத் துணி, பாத்திரம், அரிசி. குழி வந்த இடத்தில் எல்லாம் அந்த போல்ட்டு டயரைத் தொட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, மதகு மேட்டில் ஏறி இறங்கியபோது வெடித்திருக்கிறது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, நான் அடித்த தகரப் பெட்டியின் விளிம்பு அந்தம்மாவின் இடது முழங்காலில் இறங்கியிருக்கிறது.

ஒரு ஆணியை எடுத்து மரையிலிருந்த ரப்பரைச் சுரண்டினேன். சக்கரத்தைக் கழற்றினேன். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு போட்டு மரையை நட்டு மட்டத்துக்கு அறுத்தேன். அறுப்பது ஐந்து நிமிஷ வேலை.

மேஸ்திரி ஊரிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தார். பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாத்த அறுத்துக்கினு கீற?"

"போல்ட்டு நீளமா கீது மேஸ்திரி."

அவர் டயரைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அறுத்த எடம் தெரியாம மேல பெயின்டு வச்சிடு" என்றார்.

வைத்தேன்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. வேணு வேகமாகப் போய் மதகில் ஏற்றிவிட்டான் என்றார்கள். வேணுவும் அதையேதான் சொன்னார். "மதகுல ஸ்லோ பண்ணியிருக்கணும். என் தப்புதான்" என்று ஷெட்டுக்கு வந்து எங்களிடமே சொன்னார். அவருடைய அப்பா பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் எதிரில், "பொண்டாட்டி கால ஒடச்சவன் இவன்" என்றார். நான் இருபது அடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். காலனியில் என் வீட்டை என்ன செய்வார்களோ என்ற பயமும் இருந்தது.

வண்டியை மெட்ராஸில் யாருக்கோ விற்றுவிட்டார்கள். வேணு அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. கன்னியாகுமரிக்கும் போகவில்லை.

5. தையல் மெஷின்

எட்டு வருஷம் போனது. மேஸ்திரி கண் தெரியாமல் வீட்டோடு இருந்தார். ஷெட்டை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் ஒரு தையல் மெஷினைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெயலட்சுமி அம்மா வந்தார். இடது கால் மடங்காது. நீட்டியபடியே இழுத்து நடப்பார்.

"இந்தக் கால நீட்டி வெக்க எடமில்ல. மிதிக்கிறத வலது காலுக்கு மட்டும் வர்ற மாதிரி பண்ணணும். ஆவுமா?"

"ஆவும்மா. குந்துங்க."

"மிஷினு எதிர்ல கீது. அளவெடுக்க நான் எதுக்கு?"

"ஆளு குந்தினாத்தான் அளவு தெரியும்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். ஸ்டாண்டின் குறுக்குச் சட்டம் எங்கே இடிக்கிறது என்று சாக்பீஸால் குறி போட்டேன்.

"ஆளக் குந்த வெச்சிப் பாக்குறத எப்ப கத்துக்கின?" என்றார்.

நான் குனிந்தபடி இன்னொரு குறி போட்டேன்.

"அன்னிக்கி உன்ன ஏறச் சொன்னாராம், நீ மாட்டேன்னுட்டியாம். சீட்டப் பாத்து பயந்துட்டான்னு வழியெல்லாம் சொல்லிச் சிரிச்சிக்கினு வந்தாரு."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அறுத்ததையும் பெயின்ட் வைத்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. வலது காலால் மிதிபலகையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொன்னா இன்னா ஆவும்? கால் மடங்கவா போவுது?" என்றார். "அவராண்ட போயி சொல்லு. ஏன்டி நான் ஸ்லோ பண்ணலன்னு இன்னிக்கும் என்னியே கேட்டுக்கினு கீறாரு."

மிதிபலகை வேலையை அன்றே முடித்தேன். அவரைத் தைக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றி அனுப்பினேன்.

6. பம்ப்செட் கொட்டகையில்

மறுநாள் காலையில் போனேன். வேணு நிலத்தில் பம்ப்செட் கொட்டகையில் இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்காது என்று நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சொன்னேன்.

"அப்ப வேகம் இல்லியா?"

"போல்ட்டு இல்லாட்டி வெடிச்சிருக்காது நைனா."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா போன வருசம் போயிட்டாரு. தெரியுமில்ல?"

"தெரியும் நைனா."

"இது அவரு காதுல உழுவலியே."

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கி ஏன்டா ஏறல?"

"பழக்கம் நைனா."

"உங்கப்பா சைக்கிளு மேட்டரா?"

"ஆமா."

அவர் தலையசைத்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். எழுந்து போய் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் வரப்பு மேல் நடந்து வந்துவிட்டேன்.

இப்போது நிறையப் பையன்கள் வண்டிக்குப் பெட்டி, கார்டு எல்லாம் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அளக்காதே. எத்தனை பேர் போவார்கள் என்று கேள். அத்தனை பேரையும் ஏற்று. பெட்டியில் அரிசி மூட்டையை வை. அதற்குப் பிறகு குனிந்து விரல் வைத்துப் பார். போல்ட்டின் தலை உள்ளே இருக்கட்டும், நட்டு வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

இன்னொன்று. நான் வண்டியில் ஏறாமல் போனதற்கு அந்தத் தெரு ஒரு காரணம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் மரையை அறுக்காமல் விட்டது என் கை. அறுத்த பிறகு பெயின்ட் வைத்ததும் என் கைதான். எட்டு வருஷம் பேசாமல் இருந்தது என் வாய். தப்பு நடந்த அன்றைக்கே சொல்லிவிடு. கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடு.