அமைதியான பொண்ணு

கல்யாணமான முதல் வருஷத்தை நினைத்தால் எனக்குக் காட்சிகளைவிடச் சத்தங்கள்தான் முதலில் வருகின்றன. குக்கர் விசில், எதிர்வீட்டில் கன்னடத்தில் ஓடும் சீரியல், பெங்களூர் சந்தாபுரா சிக்னலில் பஸ்களின் ஹாரன். எல்லாம் ஒரு கனமான போர்வைக்கு வெளியே நடப்பதுபோலக் கேட்கும். நான் போர்வைக்குள் இருப்பேன். கண் திறந்திருக்கும், கை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும், ஆனாலும் உள்ளேதான் இருப்பேன்.

ஆம்பூரிலிருந்து வந்தவள் நான். கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எனக்கும் அங்கேயே வேறொரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மாமியார் எங்களோடு இருந்தார். வந்த புதிதில் எனக்குக் குளிர் தாங்கவில்லை. சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலுறையோடு படுத்தேன். பெங்களூர் குளிர் பழகிவிடும் என்றார்கள். முடி கொட்டியது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். முகம் உப்பியது. கல்யாணப் பூரிப்பு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது ஒரு பதில் தயாராக இருந்ததால், எதையும் சேர்த்துவைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் பாதி வழியில் எண்ணம் எங்கேயோ உட்கார்ந்துவிடும்.

நான் அதிகம் பேசவில்லை. யாராவது ஏதாவது கேட்டால், பதில் ஆழத்திலிருந்து மெதுவாக மேலே வருவதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்கள். நான் தலையாட்டிவிடுவேன். வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் மாமியார் பெருமையாகச் சொல்வார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு அமைதியான பொண்ணு கிடைக்குமா? எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது."

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை கம்பெனி வண்டியில் தூங்கிப்போனேன். பின் சீட்டு மூலையில் ஷாலைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஆபீஸ் வாசலில் மற்றவர்கள் இறங்க, வண்டி ஊருக்குள் இருக்கும் இன்னொரு கிளைக்குப் புறப்பட்டுவிட்டது. விழித்தபோது மேம்பாலத்தின் மேல் இருந்தோம். பனி இன்னும் கலையவில்லை. இருபுறமும் கட்டடங்களின் உச்சிகள் மட்டும் வெள்ளையில் மிதந்தன. ஒரு மொட்டைமாடியில் காய்ந்த மஞ்சள் புடவை மட்டும் காற்றில் நிதானமாக எழுந்து இறங்கியது. நான் படகில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றம் வரவேயில்லை. டிரைவர்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பதறினார்.

"அய்யோ மேடம், நீங்க அங்கயே இறங்கணும் அல்லவா?"

"பரவால்ல," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்கே வெகு நேரம் ஆனதுபோல இருந்தது.

அந்தப் போர்வைக்குள்ளிருந்து என்னை எழுப்பியது ஒரு போன். கல்லூரி ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, இப்போது சென்னையில் இருக்கிறாள். மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திடீரென்று கூப்பிட்டாள். நான் எடுத்து "ஹலோ" என்றேன்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? அவ இருக்காளா, கொஞ்சம் குடுங்களேன்."

"நான்தான்டி."

"விளையாடாதீங்கண்ணா" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். நான் மறுபடி, "நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே அப்போதுதான் கேட்டது. கரகரவென்று தடித்து, ஈரமண்ணில் இழுத்துக்கொண்டு போகும் சாக்குமூட்டை மாதிரி இருந்தது.

தோழி அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னடி ஆச்சு உனக்கு? நீ பேச ஆரம்பிச்சா ஹாஸ்டல்ல யாருக்கும் வாய் திறக்க வாய்ப்பே கிடைக்காதே. போனை அவர்கிட்ட குடு."

அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. கத்தி அப்படியே பீன்ஸ் மேல் கிடக்க, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் பேசினார். கழுத்தைத் தடவிப் பார்த்து, தண்ணீரை விழுங்கச் சொன்னார். பிறகு என்னை நாற்காலியில் மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் திரும்பி வரும்போது, நீரில் இறங்கும் இலைபோல அசைந்து அசைந்து வந்தது. தோளுக்கு மேலாகத் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி எஷ்டு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

கணவர் தயங்கினார். "எனக்குத் தெரியல மேடம். கல்யாணத்துலருந்தே இவ இப்படித்தான்."

ரத்தப் பரிசோதனையில் சந்தேகத்துக்கே இடமில்லை. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாது. அநேகமாக ஆயுசுக்கும் தொடரவேண்டும். "இது ரொம்ப சகஜம். பயப்பட ஒண்ணும் இல்ல," என்றார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் விரல்களில் சூடு வந்தது. அப்புறம் பசி. பின்பு ஒரு காலை, எதிர்வீட்டு சீரியலில் யாரோ யாரையோ ஏமாற்றுவது எனக்குப் புரிந்தது. கன்னடம் அரைகுறைதான்; ஆனால் கவனித்துக் கேட்கிறேன் என்பதே ஆச்சரியமாக இருந்தது. குரல் மெலிந்து பழைய இடத்துக்கு வந்தது. அதோடு பேச்சும் வந்தது. கம்பெனி வண்டியில் பேசினேன், மீட்டிங்கில் பேசினேன், காய்கறி நறுக்கும்போதும் பேசினேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் வந்து தங்கும் என்று மாமியாரும் கணவரும் முடிவுசெய்து, சாப்பாட்டு மேஜையில் என்னிடம் தகவலாகச் சொன்னார்கள்.

"வரட்டும், சந்தோஷம்தான். ஆனா அந்த வாரம் ஆபீஸ்ல எனக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, வேலை அதிகம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் மகன் பக்கம் சாய்ந்து, என் காதில் விழும்படியாகவே மெல்லக் கேட்டார். "மாத்திரை கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?"

கணவர், "இல்லம்மா. இப்பதான் சரியா இருக்கு," என்றார்.

நாத்தனார் வீட்டார் ஒரு வாரம் தள்ளி வந்தார்கள். மாமியார் சில நாள் என்னிடம் அளந்துதான் பேசினார். எனக்கும் வருத்தம்தான். அவருக்குப் பிடித்திருந்த அந்த அமைதியான மருமகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவளுக்காக அவர் ஏங்குவதை நான் எப்படிக் குறைசொல்வது? அந்தப் பெண்ணை எனக்கும் லேசாகப் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் துணி எடுக்கப் போன கணவர் அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காத. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ நான் எதுவுமே கேக்கல. நீயும் எதுவும் சொல்லல." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டார். "உனக்கு என்னல்லாம் பிடிக்கும்?"

மழை கம்பியில் தட்டித் தெறித்து எங்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டிருந்தது. காரமான ஆம்பூர் சமையல், ஜன்னலோர சீட்டு, யாரோடாவது வாதாடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் ஈரத்துணியோடு நின்று கேட்டார்.