நானும் சிரித்தேன் என்று சொன்னவர்

என் கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால், கருணை அடிப்படையில் எனக்கு விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். கோப்பு எழுதத் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. கற்றுக்கொண்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் கருணை கேஸு, இங்க வா" என்பார். ஒரு வரி தப்பாக எழுதினால் மேசைக்கு எதிரே நிற்க வைப்பார். மனு கொடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் பையை எடுத்தால், "தனியா இருக்கிற பொம்பளைக்கு வூட்டுக்குப் போக இன்னா ஜல்தி? யாராச்சும் வெயிட் பண்ணிக்கினு இருக்காங்களா?" என்பார். பிரிவே சிரிக்கும். எதிர் மேசையில் இருந்த தட்டச்சர் அக்காவும் சிரிப்பார். அவரும் திண்டிவனம்தான்.

ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்த அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாமா, ஆபீஸ் வரலையா?"

"கால் வர மாட்டேங்குதுக்கா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நானும்தான சிரிச்சிக்கினு இருந்தேன்" என்றார். அன்று இருவரும் தாமதமாகத்தான் போனோம். கண்காணிப்பாளர் வழக்கம்போல் என்னை நிற்க வைத்தார். அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உனக்கு இன்னா வேலை இங்க?"

"நானும் லேட்டுதான் சார். அவங்க உட்காரும்போது நானும் உட்கார்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. முதல் முறையாக அந்த அறையில் எனக்கு மூச்சு சீராக வந்தது.

புகார் எழுதலாம் என்று சொன்னவரும் அக்காதான். பெண்கள் பாதுகாப்புக்கென எங்கள் அலுவலகத்தில் ஒரு புகார் குழு இருந்ததே எனக்குத் தெரியாது. எந்த நாளில் கண்காணிப்பாளர் என்ன சொன்னார், யார் யார் இருந்தார்கள் என்று நினைவிருந்த அளவுக்கு எழுதிக் கொடுத்தேன். வேலையில் புதிதானவள், என்னைத்தான் எங்காவது தூக்கியடிப்பார்கள் என்ற பயம். எங்கள் அதிகாரி அம்மாவிடம் நானே போய், "வேற ஆபீஸுக்கு வேணா மாத்திடுங்க மேடம்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க எதுக்குமா போகணும்? விசாரணை முடியிற வரைக்கும் அவர் வேற பிரிவுல இருப்பார். நீங்க உங்க சீட்லயே உட்காருங்க."

அக்காவிடம் சிலர், "ரிட்டயர்மென்ட்டு கிட்ட வந்துட்டு உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டார்கள். ஆனாலும் அவர் எனக்குச் சாட்சியாக வந்தார். விசாரணையில் நான் பேசி முடித்தபின், நீங்கள் இதையெல்லாம் பார்த்தீர்களா என்று குழுத் தலைவி அவரைக் கேட்டார்.

"பார்த்தேன் மேடம். சிரிக்கவும் சிரிச்சேன். அதையும் எழுதிக்கோங்க" என்றார் அக்கா.

அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் நடந்ததைச் சொன்னார்கள். குழு என் புகார் உண்மை என்றது. கண்காணிப்பாளருக்குத் தண்டனை கிடைத்தது, வேறு மாவட்டத்துக்கு மாற்றலும் வந்தது. சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். சில மாதங்களில் அவர்களும் பேசினார்கள்.

பீரோவுக்குப் பின்னால் மறைந்திருந்த குழுவின் அறிவிப்புப் பலகையை அதிகாரி அம்மா குடிதண்ணீர் கேனுக்கு மேலே மாட்டச் சொன்னார். தண்ணீர் பிடிக்கிற எல்லோர் கண்ணிலும் அது படுகிறது. அக்கா ஓய்வு பெறும்வரை எனக்குக் கோப்பு எழுதக் கற்றுக் கொடுத்தார். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

"முதல் நாளே எழுந்திரிச்சிருக்கணும்மா நானு" என்பார்.

எழுந்து வந்தாரே, அது போதும் எனக்கு.